24 மடங்கு ஸ்கோப்பா, 9 மடங்கு ஸ்கோப்பா?

"பாயின்ட் 22 ரைஃபிள் வைத்திருக்கிறேன். 50 மீட்டரில் காகித இலக்கில் பழகுகிறேன். எப்போதாவது 100 மீட்டர். 3-9×40, 6-24×50 என்று இரண்டு ஸ்கோப்புகள் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. பெரியதையே வாங்கிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இருப்பது உண்மையில் வேறொரு கேள்வி: ஸ்கோப் என்னும் குறிபார்க்கும் தொலைநோக்கிக் குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் எண் பெரிதானால் குறியும் துல்லியமாகிவிடுமா என்பது. ஆகாது. இரண்டும் ஒரே விலை என்றால், பெரிய எண் கொண்டதில் எங்கோ கை வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். எங்கே கை வைப்பார்கள், அது உங்கள் இலக்கில் எப்படித் தெரியும் என்பதைச் சொல்லிவிட்டால், முடிவை நீங்களே எடுத்துவிடுவீர்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஒளியியல் கருவிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் சில ஆண்டுகள் இருந்தேன். அதன்பின் பயிற்சிக் களத்தில் புதிதாக வருபவர்களுக்கு ஸ்கோப் பொருத்தி, ஜீரோ செய்து (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி திருகிச் சரிசெய்து) கொடுப்பதே வேலையாகிவிட்டது. நான் சுடுவதெல்லாம் காகிதமும் தகடும்தான். வேட்டைக்குப் போனதில்லை, 300 மீட்டருக்கு அப்பால் அதிகம் சுட்டதுமில்லை. அந்த இரண்டுக்கும் என் பேச்சை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

3-9×40 என்றால் உருப்பெருக்கத்தை 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை மாற்றலாம், முன்பக்க வில்லையின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்று பொருள். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆனால் இந்த இரண்டு எண்களையும் தனித்தனியாகப் பார்ப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4, 50-ஐ 24-ஆல் வகுத்தால் 2.1. ஸ்கோப்பின் பின்பக்கத்திலிருந்து வெளியே வரும் ஒளிக்கற்றையின் விட்டம் மில்லிமீட்டரில் அவ்வளவுதான். நம்பிக்கை இல்லையென்றால், துப்பாக்கியில் பொருத்தாத ஸ்கோப் ஒன்றை வெளிச்சமான சுவரை நோக்கி நீட்டி, கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள். பின்வில்லையின் நடுவில் சின்ன நாணயம் போல ஒரு வெளிச்ச வட்டம் மிதக்கும். உருப்பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட அது சுருங்கிக்கொண்டே வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். (சூரியனை நோக்கி மட்டும் ஒருபோதும் வேண்டாம்.)

நம் கண்மணி நல்ல வெயிலில் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரைதான் திறந்திருக்கும். அப்போது 2.1 போதும். மாலையில், மேகமூட்டத்தில், கூரை போட்ட களத்தின் நிழலில் கண்மணி 4, 5 என்று விரியும். அந்த நேரத்தில் 24 மடங்கில் வைத்தால் படம் மங்கும். கண்ணைச் சற்றே நகர்த்தினாலும் ஓரத்தில் கறுப்புப் பிறை ஏறிவிடும். "50 மில்லிமீட்டர் வில்லை, அதனால் வெளிச்சம் அதிகம்" என்று விற்பவர் சொல்வது அதே உருப்பெருக்கத்தில்தான் உண்மை. 24 மடங்கில் இருக்கும் 50 மில்லிமீட்டர் வில்லையைவிட, 9 மடங்கில் இருக்கும் 40 மில்லிமீட்டர் வில்லை மங்கிய நேரத்தில் பளிச்சென்று காட்டும்.

வெளிச்சத்தை விடுங்கள், துல்லியம்? பெரிதாகத் தெரிந்தால் நன்றாகக் குறி வைக்கலாம்தானே என்பீர்கள். ஓரளவு வரை ஆம். ஆனால் இலக்கோடு சேர்ந்து உங்கள் இதயத் துடிப்பும் மூச்சும் விரல் நடுக்கமும் 24 மடங்காகத் தெரியும். ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்கிழை இலக்கின் கரும்புள்ளி மேல் ஆடுவதைப் பார்த்ததும் புதியவர் என்ன செய்கிறார்? அது நடுவைக் கடக்கும் கணத்தைப் பிடிக்க நினைத்து விசையை வெடுக்கென்று இழுக்கிறார். அதே ஆளிடம் 9 மடங்கைக் கொடுத்தால் ஆட்டம் அவ்வளவாகக் கண்ணை உறுத்தாது, விசையை நிதானமாக அழுத்துகிறார், குண்டுத் துளைகளின் குழு சுருங்குகிறது. இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். போதாததற்கு வெயில் ஏறியதும் தரையிலிருந்து எழும் கானல் வேறு. 20 மடங்குக்கு மேல் போனால் இலக்கு தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளியும். அப்போது எல்லோரும் தாமாகவே 10, 12-க்கு இறக்கிக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் பத்துப் புள்ளிக்கான இடம் அரை மில்லிமீட்டர் புள்ளி. அதற்கு உருப்பெருக்கும் ஸ்கோப் அனுமதியே இல்லை. வெறும் துளைக்குறியை வைத்துத்தான் அடிக்கிறார்கள். துப்பாக்கி எங்கே பார்க்கிறது என்பதைக் காட்டுவது மட்டுமே ஸ்கோப்பின் வேலை. அதை அங்கேயே நிறுத்தி வைப்பது ஆளின் வேலை.

சரி, அப்படியானால் 9 மடங்குதான் விடை என்று இங்கேயே முடித்துவிடலாமா? கூடாது. உங்களுக்கு உண்மையில் முக்கியமானது அந்த இரண்டு பெயர்களிலும் எழுதப்படவே இல்லை. அதுதான் பாரலாக்ஸ்.

முன்வில்லை இலக்கின் பிம்பத்தைக் குழாய்க்குள் ஓரிடத்தில் விழச் செய்கிறது. குறுக்கிழை இன்னோரிடத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே தளத்தில் இருந்தால், கண் எங்கிருந்து பார்த்தாலும் குறுக்கிழை இலக்கின் மேல் ஒட்டியதுபோல் நிற்கும். தளம் விலகினால் கண் அசையும்போதெல்லாம் குறுக்கிழையும் இலக்கின் மேல் அசையும். இலக்கின் தூரம் மாறினால் பிம்பம் விழும் இடமும் மாறும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். 3-9×40 வகையில் பெரும்பாலானவற்றைத் தொழிற்சாலையிலேயே ஏதோ ஒரு தூரத்துக்குச் சரிசெய்து பூட்டிவிடுகிறார்கள். பெரிய ரகத் துப்பாக்கிகளுக்கானவற்றில் இது வழக்கமாக 100 கஜத்தை ஒட்டி இருக்கும்.

கணக்கு எளியது. முன்வில்லையின் பாதி விட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 20 மில்லிமீட்டர். 100 மீட்டருக்குப் பூட்டிய ஸ்கோப்பால் 50 மீட்டரில் பார்த்தால், விலகல் அதில் பாதிவரை போகலாம்: 10 மில்லிமீட்டர். 25 மீட்டரில் 15 மில்லிமீட்டர், 10 மீட்டரில் 18. கண் ஒளிவட்டத்தின் ஓரத்துக்கே போனால் வரும் உச்ச அளவு இது. கன்னத்தை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வைப்பவருக்கு இதில் சிறு பங்கே வரும். ஆனால் பழகத் தொடங்கியவரின் கன்னம் ஒரே இடத்தில் நிற்காது. 50 மீட்டரில் 10 மில்லிமீட்டர் என்பது குண்டின் அகலத்தைப்போல் ஒன்றேமுக்கால் மடங்கு. "தோட்டா சரியில்லை" என்று பெட்டி பெட்டியாக மாற்றிக்கொண்டிருக்கும் பலருக்குக் கோளாறு இங்கேதான்.

ஆகவே பாரலாக்ஸைத் திருப்பிச் சரிசெய்யக்கூடிய ஸ்கோப்பாகப் பாருங்கள். அந்தத் திருகு முன்வில்லையைச் சுற்றி வளையமாகவும் இருக்கலாம், இடப்பக்கத்தில் குமிழாகவும் இருக்கலாம். பக்கக் குமிழ் வசதி. வளையம் எளிய அமைப்பு, அதே விலையில் பெரும்பாலும் நம்பகமானது. குமிழின் மேல் அச்சிட்ட தூரங்களை நம்பாதீர்கள். துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டு, அதை மணல் மூட்டையின் மேல் அசையாமல் கிடத்துங்கள். கையை எடுத்துவிட்டு, ஸ்கோப் வழியே பார்த்தபடி ஆமாம் என்பதுபோல் தலையை மேலும் கீழும் லேசாக ஆட்டுங்கள். குறுக்கிழை இலக்கின் மேல் நீந்தினால் குமிழைத் திருப்புங்கள். நின்றுவிட்டால் அதுவே சரியான இடம், எண் என்ன சொன்னாலும் சரி. இதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வெறும் வானத்தைப் பார்த்து, பின்வளையத்தைத் திருப்பி, குறுக்கிழை உங்கள் கண்ணுக்குக் கூர்மையாகும்படி வையுங்கள். இரண்டு மூன்று நொடிக்கு மேல் தொடர்ந்து பார்க்காதீர்கள். கண் தானாகவே சரிக்கட்டிக்கொண்டு பொய் சொல்லும்.

அடுத்து கிளிக். மேலேயும் பக்கத்திலும் உள்ள திருகுகளைத் திருப்பும்போது கேட்கும் ஒவ்வொரு "டிக்"கும் குறியை ஓர் அளவு நகர்த்துகிறது. இரண்டு அளவுமுறைகள் புழக்கத்தில் உள்ளன. எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் 29 மில்லிமீட்டர். மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர். கால் எம்.ஓ.ஏ. கிளிக் 50 மீட்டரில் 3.6 மில்லிமீட்டர் நகர்த்தும், 0.1 மில் கிளிக் 5 மில்லிமீட்டர். எது உயர்ந்தது என்ற வாதம் ஓய்ந்தபாடில்லை. என் கணக்கில் அது வீண்சண்டை. மீட்டரில் யோசிப்பவருக்கு மில் மனக்கணக்காக வரும். 50 மீட்டரில் குழு 3 சென்டிமீட்டர் வலப்பக்கம், 5 சென்டிமீட்டர் கீழே விழுந்திருக்கிறது என்றால், இடப்பக்கம் 6, மேலே 10 கிளிக், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் பாருங்கள்: குறுக்கிழையில் உள்ள கோடுகளும் திருகின் கிளிக்கும் ஒரே முறையில் இருக்க வேண்டும். கோடு மில்லிலும் கிளிக் எம்.ஓ.ஏ.யிலும் உள்ள ஸ்கோப்புகள் இன்னும் விற்கின்றன. ஒவ்வொரு முறையும் 3.44-ஆல் பெருக்கிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை?

கிளிக் எந்த அளவில் இருந்தாலும், சொன்னபடி நகர்கிறதா என்பதே பெரிய விஷயம். விலை மலிவான பெரிய ஸ்கோப்பில் கை வைக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். ஓர் இளைஞர் 6-24×50 ஒன்றோடு வந்தார். 50 மீட்டரில் ஜீரோ வைத்து, 100 மீட்டருக்கு 20 கிளிக் ஏற்றுவார். திரும்ப 20 இறக்கினால் பழைய இடத்துக்கு வராது. ஒருநாள் மேலே, ஒருநாள் கீழே. ஸ்கோப்பைக் கழற்றிக் கனத்த இடுக்கியில் இறுக்கி, தொலைவில் கட்டம் போட்ட தாளை ஒட்டி, ஒவ்வொரு கிளிக்காகத் திருப்பிப் பார்த்தோம். முதல் எட்டு கிளிக்குக்குக் குறுக்கிழை அசையவே இல்லை. குழாயின் மேல் விரல் நகத்தால் ஒரு தட்டுத் தட்டினேன். ஒரே தாவாகத் தாவி மேலே போனது. உள்ளே இருக்கும் சிறு குழாயைத் திருகுக்கு எதிராக அழுத்திப் பிடிக்க வேண்டிய வில் (ஸ்பிரிங்), பலமில்லாத வில். திருகு நகர்ந்தாலும் குழாய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சுடும் அதிர்வில் திடீரென்று விடுபடுகிறது. அவரோ அதுவரை தன் கையைத்தான் குறைசொல்லிக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், பாயின்ட் 22 குண்டு மெதுவானது. ஒலியைவிடக் குறைந்த வேகத் தோட்டாவை 50 மீட்டரில் ஜீரோ செய்தால், 100 மீட்டரில் ஏறத்தாழ 15 முதல் 20 சென்டிமீட்டர் கீழே விழும். தோட்டாவின் வேகத்தையும் ஸ்கோப்பின் உயரத்தையும் பொறுத்து இது மாறும். அதாவது இரண்டு தூரத்துக்கும் இடையே, 0.1 மில் கிளிக் என்றால், 15, 20 கிளிக் ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பீர்கள். வாங்கியதும் பெட்டிச் சோதனை செய்துவிடுங்கள்: ஒரே புள்ளியைக் குறிவைத்து மூன்று குண்டு, வலப்பக்கம் 40 கிளிக், மூன்று குண்டு, மேலே 40, மூன்று குண்டு, இடப்பக்கம் 40, மூன்று குண்டு, பின் கீழே 40, மீண்டும் மூன்று குண்டு. நான்கு மூலையும் சதுரமாக அமைந்து, கடைசி மூன்று முதல் மூன்றின் மேலேயே விழ வேண்டும். சதுரம் சற்றுக் கோணினால் அது பெரும்பாலும் பொருத்தியதன் சாய்வு. திரும்பி வராவிட்டால் ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும்.

சாய்வு என்றதும் பொருத்துவது பற்றிச் சொல்லிவிடுகிறேன். "ஸ்கோப் கெட்டுவிட்டது" என்று என்னிடம் வருபவற்றில் பாதிக்கும் மேல் ஸ்கோப் நன்றாகவே இருக்கும். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ரிங் தளர்ந்திருக்கும், அல்லது துப்பாக்கியின் மேலுள்ள ரெயிலுக்குப் பொருந்தாத ரிங்காக இருக்கும். பாயின்ட் 22-களிலும் ஏர் ரைஃபிள்களிலும் பெரும்பாலும் 11 மில்லிமீட்டர் பள்ளம். மற்றவற்றில் பிக்காட்டினி என்ற அகலமான ரெயில். இரண்டுக்கும் ரிங் வேறு. முன்வில்லை துப்பாக்கிக் குழாயைத் தொடாத அளவுக்கு மட்டும் உயரம் போதும். 50 மில்லிமீட்டர் வில்லைக்கு உயரமான ரிங் வேண்டும். கன்னம் கட்டையில் பதியாமல் தாடையை முட்டுக்கொடுத்துப் பார்க்க வேண்டிவரும். முன்பு சொன்ன பாரலாக்ஸ் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். திருகுகளை அளவுக்கு மேல் முறுக்கினால் குழாய் நசுங்கி உள்குழாய் சிக்கும். ரிங்கின் மேல்திருகுகளுக்குப் பலரும் 2 நியூட்டன் மீட்டரை ஒட்டிய அளவையே சொல்கிறார்கள், உங்கள் ரிங்கோடு வந்த தாளில் இருப்பதே உங்களுக்குச் செல்லும். குறுக்கிழையை நேராக்கத் தொலைவில் ஒரு தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, அந்த நூலோடு ஒத்துப் பாருங்கள். 5 பாகை சாய்ந்திருந்தால், 20 சென்டிமீட்டர் ஏற்றும்போது குண்டு 1.7 சென்டிமீட்டர் பக்கவாட்டில் ஒதுங்கும்.

கண்ணாடியின் தரம் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று, சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். 12 பரப்புகளைக் கடந்து வந்தால் மிஞ்சுவது 61 சதவீதம்தான். 1935-இல் ட்சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சைக் கண்டுபிடித்த பிறகு இந்தக் கணக்கே மாறிவிட்டது. இன்றைய பல அடுக்குப் பூச்சில் பரப்புக்கு அரை சதவீதம் இழந்தாலும் 94 சதவீதம் வந்து சேரும். இது உறுதி. ஆனால் அட்டைப்பெட்டியில் "95 சதவீத ஒளி" என்று போட்டிருப்பதை வைத்து இரண்டு ஸ்கோப்புகளை ஒப்பிடாதீர்கள். எந்த நிறத்தில், மையத்திலா ஓரத்திலா அளந்தார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. அதைவிட, மாலை நேரத்தில் வெளிச்சமான வானத்தின் பின்னணியில் இருண்ட கம்பம் ஒன்றைப் பாருங்கள். விளிம்பில் ஊதாவும் பச்சையும் கசிந்தால், அல்லது படம் முழுக்க வெள்ளைத் திரை விழுந்தாற்போல் இருந்தால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அது சுமாரான கண்ணாடி.

30 மில்லிமீட்டர் குழாய் 25.4-ஐவிட அதிக வெளிச்சம் தரும் என்பது கட்டுக்கதை. திருகு நகர இடம் கூடும், அவ்வளவே. குறுக்கிழை முதல் குவியத் தளத்திலா (உருப்பெருக்கத்தை மாற்றும் வில்லைகளுக்கு முன்னால்), இரண்டாவதிலா (அவற்றுக்குப் பின்னால்) என்பதும் உங்களுக்கு இப்போது பெரிய விஷயமில்லை. முதல் தளத்தில் இருந்தால் கோடுகளின் அளவு எல்லா உருப்பெருக்கத்திலும் செல்லும், ஆனால் குறைந்த மடங்கில் இழை நூலாகிவிடும். இரண்டாவதில் இருந்தால் ஒரே ஓர் உருப்பெருக்கத்தில்தான் அளவு சரி, பெரும்பாலும் உச்சத்தில். 24-இல் சரியான ஒரு மில் கோடு 12-இல் இரண்டு மில்லைக் காட்டும். நீங்கள் கோட்டை வைத்து அல்ல, திருகை வைத்துச் சுடப்போகிறீர்கள் என்பதால் இரண்டாவதே போதும், விலையும் குறையும். பின்வில்லைக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி 8, 9 சென்டிமீட்டர் இருக்கட்டும். உங்கள் துப்பாக்கி உதைக்காது, ஆனாலும் புருவத்தில் பிறைத் தழும்போடு திரியும் பெரிய ரகக்காரர்களை எனக்குத் தெரியும்.

ஆக, நீங்கள் காட்டிய இரண்டுமே என் தேர்வு அல்ல. உச்சத்தில் 12 மடங்கு, 40 அல்லது 44 மில்லிமீட்டர் வில்லை, 10 அல்லது 15 மீட்டரிலிருந்தே சரிசெய்யக்கூடிய பாரலாக்ஸ், இழையும் கிளிக்கும் ஒரே அளவுமுறை: இப்படி ஒன்று அதே விலைக்குக் கிடைக்கும். இரண்டில் ஒன்றுதான் என்றால், 3-9×40. அதிலும் 50 கஜத்துக்குப் பாரலாக்ஸ் பூட்டி, பாயின்ட் 22-க்கென்றே விற்கும் வகையைக் கேளுங்கள். 100 கஜ வகையும் அதே பெயரில்தான் அலமாரியில் இருக்கும், பெட்டியைத் திருப்பிப் படித்தால்தான் தெரியும். பெஞ்சில் சாய்த்து வைத்து மில்லிமீட்டர் கணக்கில் குழு சுருக்கும் ஆட்டத்தில் இறங்கினால், அப்போது 24-க்கும் அதற்கு மேலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த வேலைக்கு ஏற்ற 24 மடங்கு ஸ்கோப் இந்த விலையில் வராது.

இதே ஸ்கோப்பை ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம் என்று நினைத்திருந்தால், வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். அந்த வகைத் துப்பாக்கி முதலில் பின்னாலும் உடனே முன்னாலும் உதைக்கும். பின்னுதையை மட்டும் தாங்கும்படி செய்த ஸ்கோப்புகள், விலை உயர்ந்தவைகூட, முன்னுதையில் குறுக்கிழை அறுந்து என் மேசைக்கு வந்திருக்கின்றன.